காலியான நாற்காலி யாருக்கு? ஊராட்சித் தலைவர் பதவியும் வாக்குப்பதிவுக்கு முன்பே அடைக்கப்படும் கதவுகளும்

போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் செல்லும் சாலையில், ஏலமலையின் அடிவாரத்தில் அமைந்திருக்கிறது சிலமலை. இவ்வூராட்சி உள்ளிட்ட தேனி மாவட்டத்தின் 130 கிராம ஊராட்சிகளிலும் 2025 ஜனவரி 5-ஆம் நாளோடு தலைவர்களின் பதவிக்காலம் முடிவுற்றது. 2019 டிசம்பர் 27, 30 ஆகிய நாள்களில் தமிழ்நாட்டின் 27 மாவட்டங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்கள் அனைவரும் ஒரே நாளில் நாற்காலியைவிட்டு எழுந்தார்கள். அவர்களுடைய அதிகாரம் தனி அலுவலர்களின் கைக்குச் சென்றது.

தலைவர் விலகியதும் ஊகங்கள் தொடங்கிவிட்டன. பழைய தலைவர் மீண்டும் நிற்பாரா, மனைவியை நிறுத்துவாரா, மகனை நிறுத்துவாரா? பதவி இம்முறை ‘பொது’வா, ‘பெண்’ணா, ‘எஸ்.சி.’யா? எந்தத் தெருவின் வாக்கு எந்தப் பக்கம் சாயும்? தேநீர்க் கடையிலும் ஏலத்தோட்டத்துக்குச் செல்லும் ஜீப்பிலும் இந்தக் கணக்குகளே பேசப்படுகின்றன. போடிநாயக்கனூர் சட்டமன்றத் தொகுதியைப் பற்றி நாளேடுகள் பக்கம் பக்கமாக எழுதும். 1989-இல் ஜெயலலிதாவும், 2011 முதல் மூன்று முறை ஓ. பன்னீர்செல்வமும் வென்ற தொகுதி அது. அதன் எல்லைக்குள் இருக்கும் ஊராட்சிகளின் தலைவர் பதவியைப் பற்றி எழுதுவோர் அரிது.

‘யார் வருவார்’ என்னும் கேள்வியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் தலித் மக்களைப் பொறுத்தவரை, அந்தக் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி வாக்குப்பதிவுக்கு முன்பே எழுதப்பட்டுவிடுகிறது. அது எங்கே, எப்படி எழுதப்படுகிறது என்பதையும், சட்டம் நமக்கு என்ன வழி வைத்திருக்கிறது என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் ஒரே தலைவர்

நம் மாநில ஆளுநரை எவரும் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பதில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 155-ஆவது கூறின்படி குடியரசுத் தலைவர் அவரை நியமிக்கிறார். முதலமைச்சரைச் சட்டமன்றப் பெரும்பான்மை முடிவு செய்கிறது. ஊராட்சி ஒன்றியக் குழுத் தலைவர், மாவட்ட ஊராட்சித் தலைவர், நகராட்சித் தலைவர், மேயர் ஆகியோரை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். இன்றைய தமிழ்நாட்டில் ஒரு நிருவாகத்தின் தலைவரை வாக்காளர் பெயர் சொல்லி நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் இடம் ஒன்றுதான். அது கிராம ஊராட்சி.

இதனால்தான் அந்த நாற்காலியின்மீது இத்தனை ஆவேசம். குடிநீர்க் குழாய் எந்தத் தெருவரை நீளும், தெருவிளக்கு எந்த முனையோடு நிற்கும், சுடுகாட்டுப் பாதைக்கு எப்போது மண் கொட்டப்படும், ஊரக வேலைத் திட்டத்தில் எந்த வேலை முதலில் தொடங்கும் என்பன அந்த மேசையில் முடிவாகின்றன. ஊரும் சேரியும் பிரிந்து கிடக்கும் கிராமத்தில், சேரியைச் சேர்ந்த ஒருவர் அந்த மேசையின் பின்னே அமர்வது ஒரு நிருவாக மாற்றம் மட்டுமாக ஒருபோதும் பார்க்கப்பட்டதில்லை.

காலியான நாற்காலியின் பொருள்

பதவியில் இருப்பவர் மீண்டும் நிற்கும்போது அவரை வீழ்த்துவது கடினம். ஒப்பந்தக்காரர், அலுவலர், கடன் கொடுத்தவர், கடன் வாங்கியவர் எனப் பின்னப்பட்ட ஒரு வலை அவரைச் சுற்றி இருக்கும். அவர் விலகும்போதுதான் அந்த வலை சற்றே தளர்கிறது. ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே நுழைவதற்கான இடைவெளி அப்போது தோன்றுகிறது.

அமெரிக்க வரலாறு இதற்கு நல்ல சான்று. அங்கே மாநில ஆளுநரை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். கறுப்பினத்தவர்களில் தேர்தல் வழியாக ஆளுநரானவர்கள் மூவர்: 1989-இல் வர்ஜீனியாவில் டக்ளஸ் வைல்டர், 2006-இல் மாசசூசெட்ஸில் டெவால் பேட்ரிக், 2022-இல் மேரிலாந்தில் வெஸ் மூர். மூவருமே காலியான நாற்காலிக்குப் போட்டியிட்டு வென்றவர்கள். வர்ஜீனியாவில் ஆளுநர் அடுத்தடுத்து இருமுறை பதவி வகிக்கச் சட்டம் இடம் தருவதில்லை. மாசசூசெட்ஸில் அப்போதைய ஆளுநர் மீண்டும் நிற்கவில்லை. மேரிலாந்தில் இரு பதவிக்கால வரம்பு முந்தையவரை விலக்கியது. பதவியில் அமர்ந்திருந்த ஆளுநரைத் தோற்கடித்து எந்தக் கறுப்பினத்தவரும் அந்த நாற்காலியை அடைந்ததில்லை. அடிமை முறையைக் காப்பதற்காகப் போரிட்ட மாநிலங்களுள் ஒன்றான வர்ஜீனியாவில் வைல்டர் ஏழாயிரத்துக்கும் குறைவான வாக்கு வேறுபாட்டில்தான் வென்றார் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

நம் நாட்டில் இந்த இடைவெளியைத் தற்செயலுக்கு விட்டுவிடாமல் சட்டமே உருவாக்கித் தருகிறது. 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசமைப்புத் திருத்தம் 243டி என்னும் கூறைச் சேர்த்தது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு மக்கள்தொகை விகிதப்படி இடங்களையும் தலைவர் பதவிகளையும் ஒதுக்குவது அதன்படி கட்டாயம். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் ஒதுக்க வேண்டும். தமிழ்நாடு 2016-இல் இதனை 50 விழுக்காடாக உயர்த்தியது. ஒதுக்கப்பட்ட தலைவர் பதவிகள் வெவ்வேறு ஊராட்சிகளுக்குச் சுழற்சி முறையில் மாற வேண்டும் என்பதும் அக்கூறின் கட்டளை. ஓர் ஊரில் பழைய தலைவரின் குடும்பம் போட்டியிட முடியாத நிலையைச் சுழற்சி உருவாக்குகிறது. எனவே ‘எங்கள் நாற்காலியைப் பிடுங்கி அவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள்’ என்னும் புலம்பலுக்குச் சட்டத்தில் இடமில்லை. அந்த நாற்காலி எந்தக் குடும்பத்துக்கும் எந்தச் சாதிக்கும் பட்டா போட்டுக் கொடுக்கப்பட்டதன்று.

ஆனால் சட்டம் திறந்த கதவை ஊர் மூடிவிட முடியும். மூடப்படும் இடங்கள் மூன்று.

முதல் கதவு: பட்டியல்

எந்த ஊராட்சி யாருக்கு ஒதுக்கப்படும் என்பதை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிவு செய்கிறது. பட்டியல் சாதியினரின் விகிதம் கூடுதலாக உள்ள ஊராட்சியிலிருந்து இறங்குவரிசையில் ஒதுக்கீடு செய்வதே அடிப்படை முறை. கையில் இருக்கும் கடைசிக் கணக்கெடுப்பு 2011-ஆம் ஆண்டினுடையது. அதன்படி தமிழ்நாட்டு மக்களில் 20.01 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். தேனி மாவட்டத்திலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினரே. 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடைபெறவில்லை. ஆகவே 2011-இல் பிறந்த குழந்தை கல்லூரி வயதை நெருங்கும் காலத்திலும் பழைய எண்களின்மீதே ஒதுக்கீடு நிற்கிறது.

வார்டு எல்லை வரையறையும் இதே அளவு முக்கியமானது. ஒரு காலனியின் வீடுகளை இரண்டு மூன்று வார்டுகளுக்குப் பிரித்துக் கொடுத்தால், எந்த வார்டிலும் அம்மக்கள் பெரும்பான்மையாக மாட்டார்கள். எல்லை வரையறையின் வரைவு வெளியிடப்படும்போது மறுப்புரை தெரிவிக்கக் கால அவகாசம் தரப்படுகிறது. அந்த நாள்களில் மனு அளிப்பவர்கள் பெரும்பாலும் ஆதிக்கச் சாதியினரே. அரசமைப்புச் சட்டத்தின் 243ஓ கூறு, தொகுதி வரையறை, இட ஒதுக்கீடு ஆகியவை தொடர்பான சட்டங்களை நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாக்குவதைத் தடுக்கிறது. தேர்தல் அறிவிக்கை வெளிவந்தபின் நீதிமன்றங்கள் குறுக்கிடத் தயங்கும். எனவே வரைவு நிலையில் எழுதப்படும் ஒரு பக்க மனுவுக்கு, பின்னர் தொடுக்கப்படும் பல பக்க வழக்கைவிட வலிமை அதிகம்.

வாக்காளர் பட்டியலும் இந்த முதல் கதவின் பகுதியே. உள்ளாட்சித் தேர்தலுக்கான பட்டியல் சட்டமன்றப் பட்டியலை அடிப்படையாகக் கொண்டு ஆயத்தம் செய்யப்படுகிறது. 2025 நவம்பரில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் வரைவுப் பட்டியல் டிசம்பர் 19 அன்று வெளியானபோது, தமிழ்நாட்டில் ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் அதில் இல்லை. இறந்தவர்களும் இருமுறை பதிவானவர்களும் நீக்கப்படுவது முறையே. ஆனால் போடிமெட்டுக்கு அப்பால் கேரளத்து ஏலத்தோட்டங்களில் வாரக்கணக்கில் தங்கி வேலை செய்யும் குடும்பத்தின் கதவு, அலுவலர் வரும் நாளில் பூட்டியிருக்கும். விடியற்காலை ஜீப்பில் ஏறி இருட்டிய பின் திரும்பும் பெண்ணும் வீட்டில் இருக்கமாட்டார். இத்தகையோரின் பெயர்கள் இருக்கின்றனவா என்பதை ஒவ்வொரு தெருவிலும் நாம்தான் சரிபார்க்க வேண்டும்.

இரண்டாம் கதவு: ஊர்க்கூட்டம்

பட்டியல் வெளியானதும் ஊர் கூடும். ‘ஊர் ஒற்றுமைக்காக ஒருவரையே நிறுத்துவோம்’ என்று பேசப்படும். கோயில் திருப்பணிக்கு எவர் கூடுதலாகப் பணம் தருகிறாரோ அவருக்கே பதவி என்று ஏலம் விடப்படுவதும் உண்டு. 2019 தேர்தலின்போது கடலூர் மாவட்டம் நடுக்குப்பத்தில் தலைவர் பதவி 50 லட்சம் ரூபாய்க்கு ஏலம் போனதாக வந்த செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. அத்தேர்தலில் 9,624 ஊராட்சித் தலைவர் பதவிகளில் 410 போட்டியின்றி நிரப்பப்பட்டன. போட்டியின்மை அனைத்தும் அச்சுறுத்தலின் விளைவென்று நாம் சொல்லவில்லை. ஆனால் எந்தக் கூட்டத்தில் தலித் மக்கள் உட்கார இடமில்லையோ, அந்தக் கூட்டத்தின் முடிவை ஒருமனதான முடிவு என்று ஏற்க இயலாது.

தனித்தொகுதியான ஊராட்சியில் ஊர்க்கூட்டம் வேறு வடிவம் எடுக்கும். தங்கள் தோட்டத்தில் வேலை செய்பவரை, தங்களிடம் கடன்பட்டவரைத் தேடிப்பிடித்து வேட்பாளராக்குவார்கள். தன்விருப்பில் நிற்க முன்வரும் இளைஞருக்கு ‘நாளை முதல் ஜீப்பில் ஏறாதே’ என்ற ஒரு சொல் போதும். மனுவைத் திரும்பப் பெறும் நாளில் அவர் குடும்பமே அவரிடம் கெஞ்சும். ஏலத்தோட்டக் கூலியையும் முன்பணத்தையும் நம்பி வாழும் வீட்டில் பொருளாதார மிரட்டலுக்கு அரிவாள் தேவையில்லை.

அரிவாளும் வந்ததுண்டு. போடியிலிருந்து மதுரை செல்லும் வழியில் உள்ள உசிலம்பட்டி வட்டாரத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, மதுரை மாவட்டத்தின் நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகள் 1996-இல் தனித்தொகுதிகளாக்கப்பட்டன. பத்தாண்டுகள் அங்கே முறையான தலைவர் இல்லை. மனுத்தாக்கல் தடுக்கப்பட்டது; அல்லது ஊரார் நிறுத்திய ஒருவர் வென்றதும் பதவி விலகினார். 2006 அக்டோபரில்தான் அங்கே தேர்தல் நடந்து, தலைவர்கள் பதவியில் நிலைத்தார்கள். மேலவளவில் 1996 டிசம்பர் 31 அன்று நடந்த தேர்தலில் வென்ற முருகேசன், ஆறே மாதத்தில், 1997 ஜூன் 30 அன்று, மதுரை ஆட்சியர் அலுவலகத்துக்குச் சென்று பேருந்தில் திரும்பும் வழியில் தம்முடன் வந்தவர்களோடு வெட்டிக் கொல்லப்பட்டார். போடிநாயக்கனூர் பகுதிக்கும் 1989-ஆம் ஆண்டுக் கலவரத்தின் நினைவு உண்டு. ‘ஊர் அமைதி கெடும்’ என்று ஒருவர் மெல்லச் சொல்லும்போது, அந்த நினைவுதான் மிரட்டலாக மாறுகிறது.

மூன்றாம் கதவு: துணைத்தலைவரின் கையெழுத்து

வென்றபின் என்ன நடக்கிறது என்பதைச் செய்திகள் பெரும்பாலும் அவமதிப்பின் வழியாகவே சொல்கின்றன. 2020 ஆகஸ்ட் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தின் தலைவர் அமிர்தம் கொடியேற்றத் தடுக்கப்பட்டார். அதே ஆண்டு அக்டோபரில், கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையின் தலைவர் ராஜேஸ்வரி கூட்டத்தில் தரையில் அமர்த்தப்பட்ட படம் வெளிவந்தது. 2022 சுதந்திர நாளுக்கு முன், தலித் தலைவர்கள் தடையின்றிக் கொடியேற்றுவதை உறுதிசெய்யுமாறு தலைமைச் செயலாளரே ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

நாற்காலி மறுக்கப்படுவது கண்ணுக்குத் தெரியும். கையெழுத்து மறுக்கப்படுவது தெரியாது. ஊராட்சியின் கணக்கிலிருந்து பணம் எடுக்கத் தலைவரும் துணைத்தலைவரும் கூட்டாகக் கையொப்பமிட வேண்டும். தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு உண்டு. துணைத்தலைவர் பதவிக்கு இல்லை. வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவரைத் துணைத்தலைவராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆகவே தலைவர் நாற்காலியை இழந்த ஆதிக்கச் சாதியினர் வார்டுகளைக் கைப்பற்றித் துணைத்தலைவர் வழியாகச் சாவியைத் தங்களிடமே வைத்துக்கொள்ள முடியும். கையெழுத்துப் போடாமல் ஆறு மாதம் இழுத்தால் துப்புரவுத் தொழிலாளர்களின் ஊதியம் நிற்கும், மின்மோட்டார் பழுது நீங்காது, ‘இவரால் ஊராட்சியை நடத்தத் தெரியவில்லை’ என்ற பேச்சு எழும். அடுத்து, தலைவரைப் பதவி நீக்கம் செய்வதற்கான 205-ஆவது பிரிவின்கீழ் ஆட்சியரிடம் புகார் செல்லும். அந்த நடவடிக்கையிலும் வார்டு உறுப்பினர்களின் கருத்து கேட்கப்படுகிறது.

இதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் தெளிவானது. தலைவர் பதவிக்கு மட்டும் ஆள் தேடுவது பாதி வேலை. வார்டுகளில் நம்பிக்கைக்குரியோர் வெல்லாவிட்டால், தலைவர் தனித்துவிடப்படுவார்.

சட்டம் கையில் தருவது என்ன?

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015-இல் திருத்தப்பட்டு, 2016 ஜனவரி 26 முதல் திருத்தங்கள் நடைமுறையில் உள்ளன. தேர்தல் காலத்தில் ஒவ்வொரு செயற்பாட்டாளரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய பிரிவுகள் அதில் உள்ளன.

பட்டியல் சாதி, பழங்குடியினரில் ஒருவரை வாக்களிக்காதவாறு அல்லது குறிப்பிட்ட வேட்பாளருக்கே வாக்களிக்குமாறு மிரட்டுவதும், மனுத்தாக்கல் செய்யவிடாமல் தடுப்பதும், மனுவைத் திரும்பப் பெற வைப்பதும், முன்மொழிய விடாமல் தடுப்பதும் பிரிவு 3(1)(எல்)-இன்படி குற்றங்கள். ஊராட்சித் தலைவராகவோ உறுப்பினராகவோ இருக்கும் அவரைக் கடமையாற்ற விடாமல் தடுப்பது பிரிவு 3(1)(எம்)-இல் வருகிறது. தேர்தலுக்குப் பின் தாக்குவதும் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்புக்கு உள்ளாக்குவதும் பிரிவு 3(1)(என்)-இல் வருகின்றன. புறக்கணிப்பதாக மிரட்டுவதைக்கூடப் பிரிவு 3(1)(இசட்சி) தனிக் குற்றமாக்குகிறது. ‘ஜீப்பில் ஏறாதே’ என்ற சொல்லை இப்பிரிவுகளோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அதனைச் சொன்னவர் யார், எந்த நாள், எந்த இடம், உடன் இருந்தவர் யார் என்பதை அன்றே எழுதி வைத்தால்தான் அது புகாராகும். கையூட்டு, ஏலம் ஆகியவற்றின்மீது பாரதிய நியாய சன்ஹிதாவின் தேர்தல் குற்றங்கள் அத்தியாயத்தின்கீழ் நடவடிக்கை கோரலாம். முடிவு அறிவிக்கப்பட்டபின் 45 நாள்களுக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் தேர்தல் மனு தொடுக்கலாம்.

தேர்தல் தள்ளிப்போவதையும் சட்டப் பிரச்சினையாகவே பார்க்க வேண்டும். ஊராட்சியின் ஆயுள் ஐந்தாண்டு என்றும், அது முடிவதற்குள் அடுத்த தேர்தல் நிறைவுபெற வேண்டும் என்றும் 243ஈ கூறு சொல்கிறது. நகராட்சிகளுக்கான இதே விதியை 2006-இல் கிஷன்சிங் தோமர் வழக்கில் ஆராய்ந்த உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு, உரிய காலத்தில் தேர்தல் நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையத்தின் கடமை என்று தீர்ப்பளித்தது. அதன்பின்னும் 2016 அக்டோபர் முதல் 2019 இறுதிவரை தமிழ்நாட்டு ஊராட்சிகள் தனி அலுவலர்களின்கீழ் இருந்தன. 2025 ஜனவரியில் அதே நிலை திரும்பியது. நாற்காலி காலியாக இருக்கும் ஒவ்வொரு மாதமும் தலித் மக்களுக்கும் பெண்களுக்கும் ஒதுக்கப்பட்ட அதிகாரம் அலுவலரிடம் தங்குகிறது. ஒதுக்கீட்டை நீக்காமலேயே செயலிழக்கச் செய்யும் வழி இது.

‘பொது’ என்னும் சொல்

ஊகப் பேச்சுகளில் மிக ஆழமாக வேரூன்றிய தவறு ஒன்று உண்டு. பதவி ‘பொது’ என்று அறிவிக்கப்பட்டால், அது தலித் அல்லாதாருக்கு ஒதுக்கப்பட்டதாகவே ஊர் கருதுகிறது. காலனியும் பல வேளைகளில் அப்படியே கருதிப் பேசாமல் இருந்துவிடுகிறது. சட்டத்தில் ‘பொது’ என்றால் எல்லோருக்கும் என்று பொருள். இருபத்தொரு வயது நிறைந்து, அவ்வூராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள, சட்டப்படியான தகுதியிழப்பு ஏதுமற்ற எவரும் நிற்கலாம். 2019-இல் தலைவர் பதவிக்கான வைப்புத்தொகை 600 ரூபாய்; பட்டியல் சாதியினருக்கு 300 ரூபாய். கட்சிச் சின்னம் இல்லாத தேர்தல் என்பதால் எந்தக் கட்சியின் அனுமதியும் தேவையில்லை. வாக்குகள் பல வேட்பாளர்களிடையே சிதறும் பொதுத்தொகுதியில், ஒன்றுபட்டு நிற்கும் ஐந்தில் ஒரு பங்கு வாக்கு சிறியதன்று. அதனோடு ஏலத்தோட்டக் கூலிகளாக நம்முடன் ஒரே ஜீப்பில் செல்லும் பிற சாதி உழைப்பாளர்களின் வாக்கும் சேருமானால் கணக்கே மாறிவிடும்.

திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கத்தில் 1996 முதல் பத்தாண்டுகள் தலைவராக இருந்த இளங்கோ ஒரு தலித். தலித் குடும்பமும் தலித் அல்லாத குடும்பமும் சுவரைப் பகிர்ந்துகொள்ளும் இரட்டை வீடுகளை அவர் கட்டுவித்தார். காலியான நாற்காலியில் அமர்ந்த ஒருவர் ஊருக்கும் சேரிக்கும் இடையிலான கோட்டை எவ்வளவு தூரம் அழிக்க முடியும் என்பதற்கு அது சான்று.

இப்போது செய்ய வேண்டியவை

தேர்தல் அறிவிக்கை வரும்வரை காத்திருப்பது வீண். விடுமுறையில் ஊருக்கு வரும் கல்லூரி மாணவர்கள் வாக்காளர் பட்டியலை எடுத்துத் தெருத்தெருவாகச் சரிபார்க்கலாம். வார்டு வரைபடத்தையும் 2011 கணக்கெடுப்பில் தம் ஊராட்சிக்கான எண்களையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பெறலாம். வார்டுதோறும் ஒரு வேட்பாளரையும், அவர் விலக நேர்ந்தால் நிற்க ஒரு மாற்று வேட்பாளரையும் இப்போதே பேசி முடிக்கலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய கிராமசபை நாள்களில், தனி அலுவலர் ஆட்சியின் வரவு செலவைக் கேட்கலாம். மலைக்கு வேலைக்குச் செல்லும் பெண்கள் கலந்துகொள்ளும் நேரத்தில் கிராமசபையைக் கூட்டுமாறு எழுத்தில் கோரலாம். மிரட்டல் வரக்கூடிய ஊராட்சிகளின் பெயர்களை முன்கூட்டியே மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அளித்து, மனுத்தாக்கல் நாள்களில் பாதுகாப்புக் கோரலாம். வழக்குரைஞர்களாகிய நாங்கள் அந்த மனுக்களை எழுதித் தரவும், மனுத்தாக்கலின்போது வேட்பாளருடன் நிற்கவும் கடமைப்பட்டிருக்கிறோம்.

அடுத்த தலைவர் யார் என்று இனி எவரேனும் கேட்டால், மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேட்போம். வாக்காளர் பட்டியலில் நம் தெருவின் பெயர்கள் எல்லாம் இருக்கின்றனவா? மனுவைத் திரும்பப் பெறச் சொல்லி வருபவருக்கு எதிராக நம் வேட்பாளருடன் நிற்க எத்தனை பேர் இருக்கிறோம்? துணைத்தலைவரைத் தேர்ந்தெடுக்கும் நாளில் நம் பக்கம் எத்தனை வார்டு உறுப்பினர்கள் இருப்பார்கள்?